வாசகர் கேள்விகள்: இலங்கையின் இடதுசாரி வெற்றியும் நாமும்

2024 நவம்பர் 14 அன்று நடந்த இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் அதிபர் அநுர குமார திசாநாயக்கவின் இடதுசாரிக் கூட்டணியான தேசிய மக்கள் சக்தி பெற்ற வெற்றியைப் பற்றி வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இம்முறை கேள்வி–பதில் பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தேசிய மக்கள் சக்தி 159 இடங்களைப் பிடித்தது என்ற செய்தி வந்ததும், எங்கள் தோல் தொழிற்சாலைச் சங்கத்தில் இனிப்பு வழங்கினோம். தமிழனாகப் பிறந்தவன் இதைக் கொண்டாடலாமா என்று வீட்டில் தம்பி சண்டை போடுகிறான். கொண்டாடியது தவறா?
(தொழிற்சங்க உறுப்பினர், ஆம்பூர்)

பதில்: தவறில்லை. ஒரு சில குடும்பங்களும் அவர்களைச் சுற்றியிருந்தவர்களும் மாறி மாறி ஆண்ட ஒரு நாட்டில், அனுராதபுர மாவட்டத்து எளிய குடும்பம் ஒன்றிலிருந்து வந்தவர் வாக்குச்சீட்டின் வழியாக ஆட்சிக்கு வந்திருக்கிறார் என்றால், உழைத்துப் பிழைக்கும் எவருக்கும் மனம் மகிழத்தான் செய்யும். 2019 அதிபர் தேர்தலில் அவர் பெற்றது 3 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய வாக்குகள். 2020 நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய அணிக்குக் கிடைத்தவை மூன்று இடங்கள். 2024 செப்டம்பர் 21 அன்று நடந்த அதிபர் தேர்தலில் அவர் 42 விழுக்காடு பெற்று முதலிடத்தில் வந்தார். எவரும் பாதியைத் தாண்டாததால், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணித்தான் வெற்றியை அறிவித்தார்கள். எட்டே வாரங்களில் அது 61 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்து, 225 இடங்களில் 159 ஆகியிருக்கிறது. விகிதாசாரத் தேர்தல் முறை நடைமுறைக்கு வந்தபின் ஓர் அணி தனித்து நின்று மூன்றில் இரண்டு பங்கைப் பெறுவது இதுவே முதல்முறை.

ஆனால் இந்த வாக்குகள் அனைத்தும் செங்கொடிக்கு விழுந்தவை என்று எண்ணிவிட வேண்டாம். 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்ததையும், எரிபொருளுக்கும் எரிவாயு உருளைக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றதையும், சூலையில் அதிபர் கோத்தபய ராஜபக்ச நாட்டைவிட்டே தப்பியதையும் நாம் அறிவோம். தமிழ்நாட்டிலிருந்து 40,000 டன் அரிசியும் பால்மாவும் மருந்துகளும் கப்பலேறிய ஆண்டு அது. அந்தப் பசியும் அவமானமும் தந்த சினம்தான் பழைய கட்சிகளைத் துடைத்தெறிந்தது. ஊழலற்ற ஆட்சி என்ற வாக்குறுதியே முன்னே நின்றது. பொதுவுடைமை என்ற சொல்லைப் பிரசார மேடைகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் ரணில் விக்கிரமசிங்க அரசு பன்னாட்டுச் செலாவணி நிதியத்துடன் செய்துகொண்ட ஏறத்தாழ 300 கோடி டாலர் கடன் ஏற்பாட்டைப் புதிய அரசும் தொடர்கிறது. அரசுத் துறைகளைத் தனியாருக்கு விற்பதில்லை என்ற அளவிலும், ஏழைகளுக்கான உதவித்தொகையை உயர்த்துவது என்ற அளவிலும்தான் இடதுசாரித் தன்மையை இப்போதைக்குக் காணலாம். இவ்வளவையும் அறிந்தே நீங்கள் இனிப்பு வழங்கியிருந்தால் அதில் பிழையேதுமில்லை. உங்கள் தம்பி கேட்பது மட்டும் தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வி அன்று. அதையே அடுத்த வாசகரும் கேட்கிறார்.

கேள்வி: தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பு ஜே.வி.பி. எனப்படும் மக்கள் விடுதலை முன்னணி. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை ஆயுதம் ஏந்தி எதிர்த்தவர்களும், அதன்படி இணைக்கப்பட்ட வடக்கு, கிழக்கு மாகாணங்களை நீதிமன்றம் சென்று பிரித்தவர்களும் அவர்கள்தாம். இடதுசாரிகள் என்பதற்காக இந்த வரலாற்றை நாம் மறந்துவிட முடியுமா?
(ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், சத்துவாச்சாரி)

பதில்: மறக்கக் கூடாது. தாங்கள் குறிப்பிட்ட இரண்டுமே உண்மை. 1965-இல் ரோகண விஜேவீர தொடங்கிய அந்தக் கட்சி, தன் தொண்டர்களுக்கு நடத்திய வகுப்புகளில் ஒன்றை ‘இந்திய விரிவாக்கம்’ என்ற பொருளுக்கே ஒதுக்கியிருந்தது. மலையகத் தோட்டங்களில் முதுகொடிய உழைத்த தமிழர்களை அந்த விரிவாக்கத்தின் கருவியாகப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியிலும் 1987 முதல் 1989 வரை நடந்த இரண்டாம் கிளர்ச்சியிலும் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் அழிந்தார்கள். கிளர்ச்சியாளர்கள் செய்த கொலைகளும் ஏராளம், அரசு செய்த கொலைகளும் ஏராளம். 2005-இல் ஆழிப்பேரலை நிவாரணத்தை விடுதலைப் புலிகளுடன் இணைந்து வழங்குவதற்கான ஏற்பாட்டை எதிர்த்து அவர்கள் அரசிலிருந்து வெளியேறினார்கள். 2006 அக்டோபரில் அவர்களுடைய வழக்கின் பேரில்தான் உச்ச நீதிமன்றம் வடக்கு–கிழக்கு இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது.

தாங்கள் வரலாற்று ஆசிரியர் என்பதால் இன்னும் சற்றுப் பின்னோக்கிப் போக விரும்புகிறேன். என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது ஜே.வி.பி.யின் வரலாற்றைவிட, அதற்கு முந்தைய இடதுசாரிகளின் வரலாறுதான். 1935-இல் தொடங்கப்பட்ட லங்கா சமசமாஜக் கட்சி ஒரு காலத்தில் தமிழர்களின் உண்மையான தோழனாக இருந்தது. 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்து நின்றது. 1956-இல் ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்தபோது அக்கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு மொழி என்றால் இரண்டு நாடுகள், இரண்டு மொழிகள் என்றால் ஒரு நாடு என்று எச்சரித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவர்கள் சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்கு வந்து, நம் விடுதலைப் போராட்டத்தில் தலைமறைவாகப் பணியாற்றியவர்கள். அதே மரபில் வந்த, இலங்கைத் தமிழரான எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை சென்னை பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்குத் தலைமையேற்று, 1957-இல் வடசென்னையிலிருந்து நம் மக்களவைக்கே சென்றார்.

அப்படிப்பட்ட கட்சி 1964-இல் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தது. 1970 தேர்தலில் சிறிமாவோ, சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகியோரின் ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வென்றது. அந்தப் பெரும்பான்மையைக் கொண்டு அவர்கள் செய்தது என்ன? பல்கலைக்கழகச் சேர்க்கையில் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்டு அவர்களை ஒடுக்கிய ‘தரப்படுத்தல்’ முறை அந்த ஆட்சியில்தான் வந்தது. சிறுபான்மையினருக்குப் பழைய அரசியலமைப்பின் 29-ஆவது பிரிவு அளித்திருந்த பாதுகாப்பை நீக்கிவிட்டு, பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு ஆட்சிமொழித் தகுதியும் தந்த 1972 அரசியலமைப்பை வரைந்து நிறைவேற்றிய அமைச்சர், 1956-இல் எச்சரித்த அதே கொல்வின் ஆர். டி சில்வாதான். நான்கே ஆண்டுகளில், தனித் தமிழீழம் கோரும் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. அதற்குப் பிறகு நடந்தவற்றைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சமசமாஜக் கட்சி 1977 தேர்தலில் ஓரிடம்கூட வெல்லவில்லை.

எனவே 159 என்ற எண்ணைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தது 1970 தான். இடதுசாரிகளிடம் அரசியலமைப்பையே மாற்றும் வலிமை முன்பு வந்தபோது, பெரும்பான்மை இனத்தின் மனநிறைவுக்காகத் தங்கள் கொள்கையையே விட்டுக்கொடுத்தார்கள். இப்போது புதிய அரசியலமைப்பு தருவோம் என்று அறிவித்திருக்கும் அநுர அரசு அந்தப் பாதையில் போகாது என்பதற்கு என்ன உறுதி இருக்கிறது? அவர்களுடைய தேர்தல் அறிக்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம், மாகாண சபைத் தேர்தலை ஓராண்டுக்குள் நடத்துவோம் என்ற வாக்குறுதிகள் உள்ளன. நவம்பர் 21 அன்று புதிய நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைத்த உரையில், இனவாத அரசியலுக்கு இனி இடமில்லை என்று அதிபர் கூறியிருக்கிறார். இவற்றை நான் மதிக்கிறேன். ஆயினும் 1979-இல் தற்காலிகமாக என்று கொண்டுவரப்பட்ட அந்தத் தடைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வடக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013-இல். அதன் பின்னர் தமிழர்கள் தங்கள் மாகாணத்துக்கு ஒரு முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. நாடாளுமன்றத்தில் எவருடைய ஆதரவையும் கேட்கத் தேவையில்லாத ஓர் அரசுக்கு, அந்தத் தேர்தலை நடத்தத் தடையாக இருப்பது அதன் மனம் ஒன்றுதான்.

கேள்வி: அப்படியானால் யாழ்ப்பாணத் தமிழர்கள் ஏன் அவர்களுக்கு வாக்களித்தார்கள்? தமிழ்த் தேசியம் முடிந்துவிட்டது என்று சமூக ஊடகங்களில் எழுதுகிறார்களே?
(கல்லூரி மாணவி, குடியாத்தம்)

பதில்: முடிந்துவிடவில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி வென்றது உண்மை. தெற்கைச் சேர்ந்த ஒரு கட்சி அங்கே முதலிடம் பெற்றது பெரிய நிகழ்வுதான். ஆனால் அது பெற்ற வாக்குகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மீதி மூன்று பங்கு தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், பல்வேறு கூட்டணிகள், எண்ணற்ற சுயேச்சைக் குழுக்கள் என்று சிதறிப்போயிற்று. முதலிடத்தில் வரும் அணிக்கு ஒரு கூடுதல் இடம் தரும் விதியும் அங்கே உண்டு. ஆனால் மட்டக்களப்பில் ஐந்து இடங்களில் மூன்றைத் தமிழரசுக் கட்சி வென்றது. நாடு முழுவதிலும் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் அதுதான்.

இருந்தாலும், அந்த நான்கில் ஒரு பங்கைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. செப்டம்பர் அதிபர் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் அநுர பெற்றது சுமார் 7 விழுக்காடுதான். இரண்டு மாதத்தில் அது மும்மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது என்றால், தமிழ்க் கட்சிகள் தங்களுக்குள் சண்டையிட்டுக் கொண்டிருந்ததைப் பார்த்துச் சலித்தவர்கள் எத்தனை பேர் என்பது விளங்கும். வேலை, ஊழலற்ற அலுவலகம், போதைப்பொருள் இல்லாத தெரு என்று அவர்கள் கேட்பவை குடியாத்தத்தில் உங்கள் வயதினர் கேட்பவற்றிலிருந்து வேறுபட்டவை அல்ல. தேர்தலுக்குச் சில நாள் முன்பு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இராணுவம் மூடிவைத்திருந்த பலாலி–அச்சுவேலிச் சாலை திறக்கப்பட்டது. தன் ஊர்ச் சாலையில் முப்பது ஆண்டு நடக்க முடியாதிருந்த ஒருவர் அதைத் திறந்தவருக்கு வாக்களித்தால், நாம் இங்கிருந்துகொண்டு அவரைத் துரோகி என்று ஏசுவது அறமாகாது. அதே வேளையில், பதுளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் மலையகத் தமிழ்ப் பெண்கள் இந்த அணியின் உறுப்பினர்களாக நாடாளுமன்றம் சென்றிருப்பது எனக்கு மனநிறைவு தருகிறது. அவர்களுடைய முன்னோரை அந்நியச் சதியின் கருவி என்று வகுப்பெடுத்த கட்சி இன்று அவர்களை வேட்பாளர்களாக நிறுத்தி வெல்ல வைத்திருக்கிறது. இந்த மாற்றம் உண்மையானதுதான்.

கேள்வி: பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபத்தில் கண்டியின் கடைசி மன்னரின் கல்லறை இருக்கிறது. இலங்கையின் புதிய ஆட்சியாளர்கள் ‘ஒரே நாடு, ஒரே மக்கள்’ என்று பேசும்போது இந்த வரலாற்றை நினைப்பார்களா?
(ஒரு வாசகர், காட்பாடி)

பதில்: நினைத்தால் நல்லது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் மரபைச் சேர்ந்தவர். 1739 முதல் கண்டியை ஆண்ட அந்த மரபின் வேர்கள் தென்னிந்தியாவில் இருந்தன. 1815-இல் கண்டிப் பிரதானிகளின் துணையோடு ஆங்கிலேயர் அவரைப் பிடித்து, அடுத்த ஆண்டு குடும்பத்துடன் நம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து சிறைவைத்தார்கள். 1832-இல் இங்கேயே இறந்தார். பௌத்தத்தின் காவலராகச் சிங்கள மக்கள் ஏற்றுக்கொண்டிருந்த ஓர் அரச மரபு, தமிழகத்திலிருந்து மணமகளிரை அழைத்துச் சென்றுகொண்டிருந்த மரபு. இத்தீவின் அரசு ஓரினத்துக்கு மட்டும் உரியது என்ற பேச்சுக்கு, அவர்களுடைய சொந்த வரலாறே சான்று தரவில்லை. ஆனால் ‘ஒரே மக்கள்’ என்ற முழக்கம் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சமமான குடிமக்கள் என்ற பொருளில் அதைச் சொன்னால் வரவேற்கலாம். தனி மொழியும் தனி நிலமும் கொண்ட மக்களுக்கு அதிகாரப் பகிர்வு தேவையில்லை என்பதற்காகச் சொன்னால், அது பழைய ஒற்றையாட்சிதான்.

கேள்வி: நேபாளத்திலும் இடதுசாரிகள் பெருவெற்றி பெற்றார்களே, அங்கே என்ன ஆயிற்று?
(ஒரு வாசகர், அரக்கோணம்)

பதில்: 2017 தேர்தலில் கே.பி. சர்மா ஒலியின் கட்சியும் பிரசண்டாவின் மாவோயிஸ்ட் கட்சியும் கூட்டணி அமைத்து 275 இடங்களில் 174-ஐ வென்றன; மறு ஆண்டு ஒரே கட்சியாகவும் இணைந்தன. தலைவர்களின் பதவிச் சண்டையில் 2020 டிசம்பரில் ஒலி நாடாளுமன்றத்தைக் கலைத்தார், 2021 மார்ச்சில் அந்த இணைப்பே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலங்கையில் இருப்பது ஒரே தலைமையின் கீழ் இயங்கும் கட்டுப்பாடான அமைப்பு என்பதால் அதே விதமான பிளவு உடனே வரும் என்று நான் கருதவில்லை.

கேள்வி: புதிய ஆட்சி சீனாவின் பக்கம் சாயுமா?
(ஒரு வாசகர், வாணியம்பாடி)

பதில்: அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் 2017-இல் ஒப்படைத்தது இடதுசாரி ஆட்சியன்று. கடனில் மூழ்கியுள்ள நாட்டின் எந்த அரசும் தில்லி, பெய்ஜிங் இரண்டையும் அணுகித்தான் ஆகவேண்டும். அநுர 2024 பிப்ரவரியில், ஆட்சிக்கு வருமுன்பே, இந்திய அரசின் அழைப்பை ஏற்றுத் தில்லிக்கு வந்து சென்றவர்.

கேள்வி: நம் மீனவர்கள் சிறைப்படுவது இனியாவது நிற்குமா? மீன்வளத்துறைக்குத் தமிழரான இராமலிங்கம் சந்திரசேகரை அமைச்சராக்கியிருக்கிறார்களே?
(ஒரு வாசகர், இராணிப்பேட்டை)

பதில்: தமிழர் ஒருவர் அமைச்சர் என்பதால் நம் பக்கம் தளர்வு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. வலை அறுபட்டு, மீன்குஞ்சும் மிஞ்சாமல் தவிப்பவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்கள். போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய அவர்கள்மீது நம் விசைப்படகுகளின் இழுவலைகள் ஏற்படுத்தும் பாதிப்பை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். இலங்கை 2017-இல் இழுவலை மீன்பிடிப்பைத் தன் நாட்டிலேயே சட்டத்தால் தடைசெய்துவிட்டது. கைதும், படகுப் பறிமுதலும், துப்பாக்கிச் சூடும் கண்டிக்கத்தக்கவை. அவை நிற்க வேண்டும் என்று தமிழ்நாடு உரக்கக் கேட்பது நியாயம். அதனுடன் இராமேசுவரம், நாகப்பட்டினத்துப் படகு உரிமையாளர்களுக்கு மாற்றுத் தொழில்முறைக்கான பணத்தை ஒன்றிய அரசும் மாநில அரசும் தாராளமாகத் தரவேண்டும் என்றும் கேட்க வேண்டும். வடக்கு மீனவர்களின் வாக்கையும் வாங்கி வென்ற ஓர் அரசு அவர்களுக்கு எதிராக விட்டுக்கொடுக்காது. இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் அமரும் பேச்சுவார்த்தையை மீண்டும் தொடங்குவதே செய்யத்தக்கது.

கேள்வி: 1990-இல் மன்னாரிலிருந்து வந்தோம். பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவர்கள். நல்ல ஆட்சி வந்துவிட்டது, ஊருக்குப் போய்விடலாம் என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் ஐயா?
(ஒரு தாய், மேல்மொணவூர் மறுவாழ்வு முகாம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். வந்த கேள்விகளுள் இந்தத் தேர்தல் யாருடைய வாழ்வை உண்மையில் தொடுகிறதோ அவர்களிடமிருந்து வந்தது இது ஒன்றுதான். போகலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் ஒரு தேர்தல் முடிவை மட்டும் நம்பி முப்பத்து நான்கு ஆண்டு வாழ்க்கையைப் பெயர்த்துக்கொண்டு போக வேண்டாம் என்பதை உறுதியாகச் சொல்வேன். சாலை திறந்ததைப் போல நிலங்களும் திறக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். உங்கள் காணி இப்போது இராணுவத்திடம் இருக்கிறதா, வனத்துறையின் எல்லைக்குள் போய்விட்டதா, வேறு யாரேனும் குடியிருக்கிறார்களா என்பதை ஊரிலுள்ள உறவினர் வழியாகக் கிராம சேவகரிடம் கேட்டறிந்த பிறகே கணவர் பயணத்தைப் பற்றிப் பேசட்டும். முடிந்தால் ஒருவர் மட்டும் முதலில் சென்று பார்த்து வருவதற்கு வழியுண்டா என்றும் விசாரியுங்கள். விருப்பத்தின் பேரில் திரும்புவோருக்கு உதவ ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அலுவலகம் சென்னையில் உள்ளது.

திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் பிள்ளைகளின் தாள்கள் சரியாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் சுமார் 58,000 பேர் முகாம்களில் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் இங்கே பிறந்தவர்கள். அகதி முகாம் என்ற பெயர் மாறியது, 2021 நவம்பரில் உங்கள் முகாமிலேயே முதலமைச்சர் புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார், ஆனால் குடியுரிமை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழர்களைச் சேர்க்கவே இல்லை. அந்த அநீதியை எதிர்த்து எழுதுவதை நாங்கள் நிறுத்தமாட்டோம். 1987 சூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் பிள்ளைகள் அதற்குப் பின்னர் பிறந்தவர்கள். ஆனால் முகாமில் அதற்கு முன் இங்கு பிறந்தவர்கள் யாரேனும் இருந்தால், பிறப்புச் சான்றிதழோடு ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு, பெற்றோர் வழியாக இலங்கைக் குடியுரிமை பெறும் உரிமை உண்டு. வேலூரில் பதிவான அவர்களுடைய பிறப்புச் சான்றிதழ்களையும், உங்கள் இருவரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்களையும், திருமணச் சான்றையும் திரட்டிச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவுசெய்யுங்கள். பழைய சான்றிதழ் தொலைந்திருந்தால் மன்னாரில் உரிய பிரதேச செயலகத்திலிருந்து நகல் எடுத்துத் தர உறவினரைக் கேளுங்கள். இந்த வேலையைத் தொடங்குவதற்கு, கொழும்பில் புதிய அரசியலமைப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம்.